பிரதானியின் இருக்கையில் உட்கார்ந்த கோழி

முன்னொரு காலத்தில், சேவல் கூவாவிட்டால் சூரியனும் போர்வையை விலக்காத காலத்தில், ஒரு நாடு இருந்தது. நாட்டின் பெயர் எதற்கு? பெயரைச் சொன்னால் அங்கே போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிடுவீர்கள். அந்த நாட்டு ராஜாவிடம் எல்லாம் இருந்தது. தும்மினால் கோட்டைக் கதவு திறந்துகொள்ளும் அளவுக்குப் பெரிய யானை இருந்தது. ஒரு மீசையை முறுக்கி முடிப்பதற்குள் மறுமீசை நரைத்துவிடும் அளவுக்கு நீண்ட மீசை வைத்த தளபதி இருந்தார். இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அரண்மனையில் கூவுவதற்கு ஒரு சேவல் இல்லை.

இது அண்டை நாட்டு ராஜாவுக்குத் தெரிந்துபோயிற்று. விடுவாரா? ஒரு கூடை நிறைய முட்டைகளைத் தூதனிடம் கொடுத்து அனுப்பினார். தூதன் சபை நடுவே நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, சொல்லியனுப்பியதைச் சொன்னான்.

"எங்கள் அரண்மனைச் சேவல் கூவுவதைக் கேட்டுத்தான் தங்கள் நாட்டில் பொழுது விடிகிறதாம். கேட்கவே பரிதாபமாக இருக்கிறது. எங்கள் சேவலின் வம்சத்து முட்டைகளை அனுப்பியிருக்கிறோம். பொரிக்கத் தெரிந்தால் பொரித்துக்கொள்ளலாம். வசந்த விழாவுக்கு நேரில் வருகிறோம். குஞ்சுகளைக் கண்ணாரக் காண ஆசை."

ராஜாவுக்குக் காது சிவந்தது. கழுத்து சிவந்தது. சிம்மாசனத்தின் பட்டுகூட ஒரு சுற்று சிவந்தது என்று சொல்வார்கள்.

"இந்த முட்டைகள் இந்த அரண்மனையில், இந்தச் சபா மண்டபத்தில், என் கண்முன்னே பொரிக்க வேண்டும்!" என்றார்.

உடனே வெள்ளிக் கூண்டு வந்தது. அதில் இலவம்பஞ்சு மெத்தை, மெத்தைமேல் பட்டு, பட்டின்மேல் முட்டை. காலில் முத்துக் கொலுசு போட்ட அரண்மனைக் கோழி ஒன்றை உள்ளே விட்டார்கள். அது முட்டைகளைப் பார்த்தது. யாருடைய குழந்தைகளோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெத்தையின் அந்த ஓரத்தில் படுத்துத் தூங்கிவிட்டது. சாம்பிராணி போட்டார்கள். தும்மியது. நாதசுரம் வாசித்தார்கள். கொட்டாவி விட்டது.

அப்போது சபையின் கடைசித் தூணருகிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. விகடகவி ஆவுடையப்பன்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவர் வேலை. மந்திரிகளில் மூத்தவரான பிரதானி தில்லைவிடங்கரைத் தூங்கவிடாமல் செய்வது அவர் பொழுதுபோக்கு.

"சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று பிரதானி சீறினார்.

"மன்னிக்க வேண்டும், பிரதானியாரே. மெத்தை அடைகாக்கும் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். அரசே, என் வீட்டில் ஒரு கோழி அடையில் இருக்கிறது. பெயர் கொள்ளிக்கண்ணி. முட்டை இல்லாமல் போனால் கூழாங்கல்லை வைத்தாலும் அடைகாக்கும். போன தடவை என் மனைவியின் உருளைக்கிழங்குகளின்மேல் உட்கார்ந்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் அவையும் கீச்சென்று கத்தியிருக்கும்."

"கொண்டு வா!" என்றார் ராஜா.

ஆவுடையப்பனும் அவர் மனைவி பேராச்சியும் கோழியோடு வந்தார்கள். இருவர் கைகளிலும் முழங்கைவரை அடுப்புச் சாம்பல். பேராச்சியின் இடுப்பில் வாய் உடைந்த ஊறுகாய்ப் பானை ஒன்று. அதில் மணலைக் கொட்டி, வைக்கோலைப் பரப்பி, முட்டைகளை அடுக்கினாள். கூடவே ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய், ஒரு பழைய இரும்பு ஆணி.

"இதெல்லாம் என்ன?" என்று கேட்டார் ராஜா.

"இடி இடிச்சா முட்டை கூமுட்டையா போயிரும் மகராசா. இரும்பும் கரியும் இருந்தா இடி அண்டாது. எங்க வீட்டுல இதுவரைக்கும் ஒரு முட்டை வீணாப் போனதில்ல," என்றாள் பேராச்சி. சொல்லும்போது அவள் தலை, ராணியாரின் தலையைவிட அரையங்குலம் உயரமாக நிமிர்ந்திருந்தது.

ஆனால் அடைக்கோழிக்கு இடம் பிடிக்க வேண்டுமே! வெள்ளிக் கூண்டருகில் பானையை வைத்தார்கள், இறங்கி நடந்தது. சிம்மாசனத்தின் பக்கத்தில் வைத்தார்கள், அதுவும் பிடிக்கவில்லை. மண்டபம் முழுவதையும் ஒரு சுற்று நடந்து பார்த்து, தூண் மறைவில், காற்றுப் படாத, வெளிச்சம் குறைந்த ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து ஏறி உட்கார்ந்துகொண்டது. அது பிரதானியின் இருக்கை.

"அரசே! இது என் இருக்கை!" என்று அலறினார் தில்லைவிடங்கர்.

"கோழிக்குப் பிடித்திருக்கிறதே," என்றார் ராஜா. பானை அங்கேயே வைக்கப்பட்டது. கொள்ளிக்கண்ணி முட்டைகளின்மேல் சிறகைப் பரப்பி உட்கார்ந்து, பிரதானியைப் பார்த்து 'கொர்ர்' என்றது.

"பொரிக்காவிட்டால்?" என்று பல்லைக் கடித்தார் பிரதானி.

"பொரிக்காவிட்டால் ஆவுடையப்பன் இந்த நாட்டைவிட்டுப் போகட்டும். கோழி என் சமையற்கட்டுக்குப் போகட்டும்." பேராச்சியின் முகம் சுருங்கியதை ராஜா பார்த்துவிட்டார், உடனே குரலை உயர்த்தினார். "ஆனால் ஒன்று! இந்தக் கோழியை யாரும் எழுப்பக்கூடாது. எவன் எழுப்புகிறானோ, கோழி விட்ட வேலையை அவனே உட்கார்ந்து முடிக்க வேண்டும். இது என் வாக்கு!"

சபை சிரித்தது. ராஜாவே சிரித்தார். ஆவுடையப்பன் மட்டும் சிரிக்காமல், அந்த வாக்கைப் பத்திரமாக மனதில் முடிந்துகொண்டார்.

முதல் வாரம் நன்றாகப் போனது. பிரதானி மட்டும் நின்றுகொண்டே ராஜ்ஜியத்தை நடத்தினார். கால் வலித்தது. அதைவிட, வருகிறவர்கள் எல்லாம் முதலில் கோழிக்குக் கும்பிடு போட்டுவிட்டு அப்புறம் தம் பக்கம் திரும்பியதுதான் வலித்தது.

ஒரு நாள் மதியம், சபை கலைந்து அரண்மனையே உண்ட மயக்கத்தில் இருந்தபோது, யாரோ கொள்ளிக்கண்ணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆவுடையப்பன் தானியத்தோடு வந்து பார்த்தபோது முட்டைகள் அனாதையாகக் கிடந்தன. கோழியைத் தேடினால், அது தாமரைக் குளத்துக் கரையில் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தது. அதன் மூக்கில் குறுக்காக ஓர் இறகு செருகியிருந்தது.

பேராச்சி ஓடிவந்து இறகை உருவினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"பாவிப்பய! தண்ணியில முக்கி, மூக்குல எறகு குத்தி, அடையைத் தெளிய வச்சிட்டான். இனி இது உட்காராதுங்க." அவள் சொல்லும்போதே கொள்ளிக்கண்ணி, முட்டை என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்து, பூச்சி பொறுக்கப் போய்விட்டது.

"செருகியிருக்கும் நேர்த்தியைப் பார்த்தாயா? இது பழகிய கை," என்றார் ஆவுடையப்பன்.

"கையை அப்புறம் பாருங்க. முட்டை ஆறிப்போவுது!"

பேராச்சி அழுதுகொண்டு நிற்கிறவள் அல்ல. ஒரு பெரிய ஓலைக்கூடை நிறைய உமியைக் கொட்டினாள். ராஜா குளிக்கிற செப்புச் செம்பில் வெந்நீர் நிரப்பி, வாயைத் துணியால் கட்டி, உமிக்குள் புதைத்தாள். அதைச் சுற்றி முட்டைகளை அடுக்கி, கம்பளியால் மூடினாள். ஒரு முட்டையை எடுத்துத் தன் மூடிய இமையின்மேல் வைத்துப் பார்த்தாள். கை பொய் சொல்லும், இமை சொல்லாது என்பது அவள் கட்சி.

"கதகதப்பு இருக்கு. ஆனா இது கொஞ்ச நேரத்துக்குத்தான். உடம்புச் சூடு வேணும்."

"அதற்கு ஓர் உடம்பைக் கொண்டுவருகிறேன்," என்று சொல்லிவிட்டுச் சபைக்கு நடந்தார் ஆவுடையப்பன்.

சபையில் பிரதானி ஏற்கெனவே காத்துக்கொண்டிருந்தார். "அரசே! கோழி எழுந்து போய்விட்டது. இனி முட்டை பொரிக்காது. தங்கள் வாக்குப்படி விகடகவி நாட்டைவிட்டுப் போக வேண்டும்!"

"யாரோ எழுப்பியிருக்கிறார்கள் அரசே," என்றார் ஆவுடையப்பன்.

"யார் என்று காட்டு. காட்ட முடியாவிட்டால் போக வேண்டியதுதான்," என்றார் ராஜா. அவர் முகம் வாடியிருந்தது. சிரிக்க வைக்கிறவனை அனுப்பிவிட்டு யாரோடு இருப்பது?

"போகிறேன் அரசே. போவதற்கு முன் ஒரே ஓர் ஆசை. ஆஸ்தான புலவர் தங்கள்மீது பாடிய புகழ்மாலையை முழுவதும் கேட்டுவிட்டுப் போகிறேன். சபையோர் அனைவரும் கைகூப்பி, இம்மியும் அசையாமல் நின்று கேட்க வேண்டும்."

இதுவரை அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டவர் உலகத்தில் எவரும் இல்லை. புலவருக்கு மகிழ்ச்சியில் குரல் தழுதழுத்தது. ராஜாவின் கால் நகத்தில் தொடங்கினார். அவர் முழங்காலுக்கு வருவதற்குள் வாசலில் நின்ற யானை உட்கார்ந்துவிட்டது.

சபை சிலையாக நின்றது. பிரதானியின் இடது தோள் மட்டும் மெல்லத் துடித்தது. பிறகு வலது தோள். பிறகு இடுப்பு ஒரு பக்கமாக வளைந்தது. முதுகு, யாரும் பார்க்கவில்லை என்று எண்ணி, தூணை மெதுவாகத் தேடிப் போனது. தூண் எட்டவில்லை. ராஜாவின் தொடைவரை பாட்டு வந்தபோது பிரதானி ஒற்றைக் காலில் நின்றார். மார்பை எட்டியபோது குதித்தார்.

"ஆஹா! என் கவிதைக்குப் பிரதானியாரே ஆடுகிறார்!" என்று கண்ணீர் விட்டார் புலவர்.

அதற்கு மேல் முடியவில்லை. தில்லைவிடங்கர் கூப்பிய கைகளைப் பிரித்தார். பத்து விரலாலும் உடம்பைப் பிறாண்டிக்கொண்டு மண்டபத்தை ஒரு சுற்று ஓடிவந்தார்.

ஆவுடையப்பன் ராஜாவை வணங்கினார். "அரசே, புலவர் மன்னிக்க வேண்டும். இது கவிதை செய்த வேலை அல்ல, கோழிப்பேன் செய்த வேலை. அடைக்கோழியின் உடம்பில் பேன் இல்லாமல் இருக்காது. அதனால்தான் நானும் பேராச்சியும் கையில் சாம்பல் பூசாமல் அதைத் தொடுவதே இல்லை. கொள்ளிக்கண்ணியைத் தூக்கிய அன்பர் சாம்பல் பூசவில்லை. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பட்டு அங்கிக்குள் அணைத்து எடுத்துப் போயிருக்கிறார்."

ராஜா பிரதானியைப் பார்த்தார். பிரதானி தரையைப் பார்த்தார், பார்த்தபடியே சொறிந்தார்.

"உண்மையா?"

"சின்ன வயதில்... எங்கள் வீட்டிலும் கோழி இருந்தது அரசே," என்றார் பிரதானி சன்னமாக. "அடை தெளிய வைப்பது நினைவில் இருந்தது. சாம்பல் மறந்துபோயிற்று."

"அரசே," என்றார் ஆவுடையப்பன், "கோழியை எழுப்பியவர் கிடைத்துவிட்டார். கோழி விட்ட வேலை உமிக்கூடையில் காத்திருக்கிறது. தங்கள் வாக்கு..."

"நான் வேடிக்கையாகச் சொன்னேன்..." என்று தொடங்கிய ராஜா, வெள்ளிக் கூண்டைப் பார்த்தார், அண்டை நாட்டான் சிரிக்கப்போகும் முகத்தை நினைத்தார். "ராஜா சொன்னது சொன்னதுதான். பிரதானியாரே, உட்காரும்!"

குளிப்பாட்டி, சாம்பல் பூசி, பஞ்சு வைத்துத் தைத்த அங்கி அணிவித்து, பிரதானியை அவருடைய சொந்த இருக்கையிலேயே உட்கார வைத்தார்கள். மடியில் உமிக்கூடை. முட்டைகளின்மேல் அவர் வயிறு. அது சாதாரண வயிறு அல்ல. மூன்று தலைமுறை அரண்மனை நெய்யில் வளர்ந்தது. அடுப்புத் தோற்றுப்போகும் சூடு அதில் இருந்தது. வெந்நீர்ச் செம்பு ஆற ஆறப் பேராச்சி மாற்றினாள்.

"பிரதானியாரே, முட்டையத் திருப்பி வைங்க. ஒரே பக்கமா கெடந்தா ஓட்டுல ஒட்டிக்கிடும்."

"தெரியும் அம்மா, தெரியும்," என்று எரிந்து விழுந்தார் அவர்.

முதலிரண்டு நாள் பல்லைக் கடித்தார். அப்புறம் என்ன ஆயிற்றோ, அவர் தாமாகவே முட்டைகளைத் திருப்ப ஆரம்பித்தார். அசந்து தூங்கும்போதும் விரல்கள் திருப்பிக்கொண்டே இருந்தன. ஒரு நாள் முரசு அறைந்தார்கள், "நிறுத்தச் சொல்லுங்கள், முட்டை அதிர்கிறது!" என்று கத்தினார். தளபதி கூடைக்குள் எட்டிப் பார்த்தார். பிரதானியின் தொண்டையிலிருந்து 'கொர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. தளபதி இரண்டடி பின்வாங்கினார். கோடை இடி இடித்த அன்று, தம் இடுப்பிலிருந்த வைரம் பதித்த குறுவாளை உருவி, அவரே முட்டைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

"ஆணியே இருக்குதுங்களே," என்றாள் பேராச்சி.

"இருக்கட்டும். இது நல்ல இரும்பு."

வசந்த விழாவுக்கு முதல் நாள் கூடைக்குள் ஒரு சத்தம் கேட்டது. டொக். பிரதானி மூச்சை நிறுத்திக்கொண்டார். ஓட்டில் ஊசிமுனை அளவுக்கு ஒரு விரிசல். அதன்பின் ஒரு மூக்கு. அதன்பின் ஈரமான, கோபமான ஒரு முழுக் குஞ்சு! அது கண்ணைத் திறந்ததும் முதலில் பார்த்தது தில்லைவிடங்கரின் முகம். மறுநாள் காலைக்குள் எல்லா முட்டையும் பொரித்துவிட்டன. கூமுட்டை ஒன்றுகூட இல்லை. பிரதானி குழந்தைபோல அழுதார்.

"ஏன் அழுகிறீர்?" என்றார் ராஜா.

"ஒன்றுகூட வீணாகவில்லை அரசே," என்றார் அவர். அப்போது அவர் தலையும் அரையங்குலம் உயர்ந்திருந்தது.

அன்று மதியம் அண்டை நாட்டு ராஜா, சிரிப்பைத் தயாராக உதட்டில் ஒட்டிக்கொண்டு, பரிவாரத்தோடு வந்து இறங்கினார். வாசலில் வரவேற்க நடந்து வந்தார் பிரதானி. அவருக்குப் பின்னால், ஒன்றன்பின் ஒன்றாக, கீச் கீச்சென்று ஒரு படை. அவர் நின்றால் நின்றது. திரும்பினால் திரும்பியது. அவர் குனிந்து வணங்கியபோது ஒன்று தலைப்பாகையில் ஏறிவிட்டது.

"இது... இது என்ன?" என்றார் அண்டை நாட்டு ராஜா.

"தாங்கள் அனுப்பிய முட்டைகள்தாம்," என்றார் நம் ராஜா, மீசையைத் தடவியபடி. "எங்கள் பிரதானியே அடைகாத்துப் பொரித்தார்."

அண்டை நாட்டு ராஜாவின் உதட்டிலிருந்த சிரிப்பு கழன்று விழுந்தது. "பிரதானி அடைகாத்தாரா? அப்படியானால் இந்த நாட்டில் கோழிகள் என்ன செய்கின்றன?"

ஆவுடையப்பன் பணிவோடு முன்னால் வந்து, மண்டபத்துக்குள் கைகாட்டினார். அங்கே, காலியாகக் கிடந்த பிரதானியின் இருக்கையில் கொள்ளிக்கண்ணி நிமிர்ந்து உட்கார்ந்து, வந்தவர்களை ஒவ்வொருவராக முறைத்துக்கொண்டிருந்தது.

"ராஜ்ஜியத்தைக் கவனித்துக்கொள்கின்றன, பிரபு," என்றார்.

ராஜா சிரித்தார். கிரீடம் கழன்று உருளச் சிரித்தார். வாசல் யானை எழுந்துகொண்டது. மலைக்கு அப்பால் அண்டை நாட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு, மறுபடியும் பொழுது விடிந்துவிட்டதென்று எண்ணிப் பாத்திரம் துலக்க ஆரம்பித்தார்கள்.

ராஜா தம் கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றி ஆவுடையப்பனுக்குப் போட்டார். "பேராச்சி! உனக்கு என்ன வேண்டும், கேள்!"

"எங்க ஊறுகாய்ப் பானை மகராசா. அப்புறம், அந்த வெள்ளிக் கூண்டு சும்மாதானே கெடக்கு. மோர் மிளகாய் காயப்போட்டா காக்கா அண்டாது."

ராஜா மறுபடியும் சிரித்து, கூண்டைப் பல்லக்கில் ஏற்றி அனுப்பி வைத்தார். பல்லக்கு வாசலைத் தாண்டும்போது, தலைப்பாகையில் குஞ்சோடு பிரதானி ஓடிவந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேராச்சியிடம் கேட்டார்:

"அம்மா, அடுத்த அடை எப்போது வைக்கிறீர்கள்?"