வாசலில் ஒரு காலி கேன்

தேவசகாயத்துக்கு வயது ஐம்பத்தொன்று. அவருடைய குரு ஷகிலா பானுவுக்கு முப்பத்திரண்டு. முதல் நாள் நக்கலாகத்தான் 'ஆசானே' என்று கூப்பிட்டார். ஒரே வாரத்தில் நக்கல் போன இடம் தெரியவில்லை.

தேவசகாயம் எழுதியது மெய்நிகர் வலையட்டைக்கான, அதாவது மென்பொருளாகவே இருக்கும் நெட்வொர்க் கார்டுக்கான, டிரைவர் புரோகிராம். வெளியிலிருந்து வரும் சேதிகள் வந்து விழ மெமரியில் காலி இடம் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக் கணினியில் அது ஓடியது. முந்தாநாள் மெமரி தீர்ந்தது அரை நிமிடம்தான். லைன் ஊமையாகக் கிடந்ததோ நாற்பது நிமிடம். அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக் காலை டிரைவர் திரும்பவும் ஓடியாக வேண்டும்.

"மெமரி திரும்பி வந்த பிறகும் அது ஏன் எந்திரிக்கல ஆசானே?"

ஷகிலா பானு அவரை ஆபீஸ் வாசலுக்குக் கூட்டிப்போனார். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீர் கேன் வண்டி வந்தது, நிற்காமல் போனது.

"என்ன, இவரு பாட்டுக்குப் போறாரு?"

"வாசல்ல காலி கேன் இருந்தாத்தான் நிப்பாரு அண்ணாச்சி. கதவைத் தட்டி, தாகமான்னு கேக்க மாட்டாரு. உங்க டிரைவரும் மெமரி தீர்ந்தப்போ, வந்த சேதியை எல்லாம் உள்ளே அனுப்பிட்டு, வாசல்ல ஒரு காலி இடம்கூட வைக்காம, 'சேதி வந்தா எழுப்பு'ன்னு படுத்துக்கிச்சு."

தேவசகாயம் வெறும் வாசலைப் பார்த்தார். இடமே இல்லாத வாசலுக்கு எந்தச் சேதி வரும், யார் வந்து எழுப்புவார்கள்?

"மெமரி இல்லாதப்போ புதுக் கேனுக்கு நான் எங்கே போவேன்?"

ஷகிலா பானு உள்ளே போனார். பன்னிரண்டு பேருக்கு இருந்த ஒரே கேன், பாதித் தண்ணீரோடு. தூக்கி வந்து அத்தனையையும் தரையில் கவிழ்த்தார். காலி கேனை வாசலில் வைத்தார்.

"ஐயோ, என்ன ஆசானே இது!"

தெரு முட்டுச் சந்து. வண்டி திரும்பி வந்தது. கேனைப் பார்த்தது, நின்றது. நிறைந்த கேனை இறக்கிவிட்டுக் காலியை எடுத்துக்கொண்டு போனது. தேவசகாயத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இரண்டு நாளாகப் புரியாமல் கிடந்தது, ஒரு நிமிடத்தில்! புது இடம் கிடைக்காவிட்டால், வந்த சேதியைக் கொட்டிவிட்டு அந்த இடத்தையே காலியாக வாசலில் வைக்க வேண்டும்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"கொட்டின சேதியில ஒரு உயிர் இருந்திருந்தா?"

"அதுக்காகத்தான் கொட்டினேன் அண்ணாச்சி. பதில் வரலன்னா சேதி அனுப்பினவங்க திரும்பவும் அனுப்புவாங்க. அப்போ வாசல்ல இடம் இருக்கணும்."