கடலுக்குச் சாவி கேட்ட குடும்பம்

தேனம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தீவில் திறந்திருந்த ஒரே கடையில் வாங்கிய வெங்காயம். ஒவ்வொன்றும் தேங்காய் தண்டி இருந்தது. ஆனாலும் ஊர் வெங்காயம் மாதிரியேதான் கண்ணைக் கரித்தது. தங்கியிருந்த வீட்டின் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் கீழே கடல். மத்தியதரைக் கடலாம். நீலமாய், அகலமாய், கூப்பிடு தூரத்தில் கிடந்தது. வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள், இன்னும் கால் நனைக்கவில்லை. நனைக்க முடியாது. கடல் மூடியிருந்தது.

விடிந்தால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். இன்றைக்கு விட்டால் பிறகு எந்தக் காலம்?

இந்தக் குடும்பம் கிரேக்க நாட்டுத் தீவுக்கு வந்து சேர்ந்ததே ஒரு கூத்து. மாமனார் குருவப்பன் உரக்கடை வைத்திருந்தார். கடையில் ஒரு மூட்டைகூட மிஞ்சக் கூடாது என்று கம்பெனிக்காரர் சொல்லிவிட்டுப் போனார். சொன்ன சொல்லைத் தட்டாத குடும்பம் அது. அத்தனை மூட்டையையும் வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கிவிட்டார்கள். கட்டில் மேல் மூட்டை, மூட்டை மேல் மாமியார் ராக்கம்மாள். மறுபடி வந்த கம்பெனிக்காரர் காலிக் கடையைப் பார்த்தார். இப்படி விற்கிற ஆள் ஜில்லாவிலேயே கிடையாது என்று கண் கலங்கி, குடும்பத்தோடு வெளிநாடு போய் வர ஏற்பாடு செய்துவிட்டார். சீசன் இல்லாத மாசத்தில்தான்.

அனுப்பிவைத்த ஏஜெண்டு இரண்டே புத்தி சொன்னார். ஒருத்தரை விட்டு ஒருத்தர் பிரியக் கூடாது என்பது ஒன்று. சீசன் இல்லாததால் அங்கே எல்லாம் மூடிக் கிடக்கும், ஏமாந்துவிடாதீர்கள் என்பது இன்னொன்று.

பிரியக் கூடாது என்றதும் ராக்கம்மாள் தன் பழைய சேலையை எடுத்து எல்லோர் இடுப்பையும் வரிசையாக முடிந்தாள். விமானத்தில் மாமனாருக்கு ஒன்றுக்கு வந்தபோது குடும்பமே எழுந்து போயிற்று. கதவைச் சாத்த முடியவில்லை. விமானத்துப் பெண் வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். இவர்களும் திருப்பிக் கும்பிட்டார்கள்.

தீவில் இறங்கினால் ஏஜெண்டு சொன்னது அப்படியே சரி. ஓட்டல்களில் நாற்காலியெல்லாம் மேசை மேல் கவிழ்ந்து கிடந்தன. கடைகளுக்குப் பூட்டு. கரையில் படகுகளைக் கவிழ்த்துப் போட்டுத் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். தெருவில் பூனைகள் மட்டும் திறந்திருந்தன.

"அப்ப கடலும் மூடித்தான் இருக்கும்" என்றார் மாமனார்.

தேனம்மாளின் புருஷன் மலைக்கனிக்கு ஒரு சந்தேகம். "அலையெல்லாம் அடிக்குதேப்பா?"

"கடையைப் பூட்டினாலும் உள்ளே ஃப்ரிட்ஜ் ஓடத்தானலே செய்யும்?"

"கண்ணுக்கும் தெரியுதே."

"நகைக்கடை மூடினப்புறம் கண்ணாடி வழியா நகை தெரியலையா? கையை விட்டு எடுத்துருவியா நீ?"

கொழுந்தன் சீனிராசு கொஞ்சம் ஆழமாக யோசிக்கிறவன். "இம்புட்டுத் தண்ணியையும் தொறந்து போட்டுட்டு எவனாவது ஊருக்குப் போவானா? அள்ளிட்டுப் போயிற மாட்டாங்களா?" என்று கேட்டான். கடலை மூடியாகிவிட்டது.

தேனம்மாளுக்குத்தான் மனசு ஆறவில்லை. அவள் பிறந்த ஊர், எப்போதாவது மழை பெய்தால் வேடிக்கை பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுகிற ஊர். கல்யாணம் ஆன புதிதில் மலைக்கனி அவளைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போனான். அலை ஜாஸ்தியாக இருக்கிறது, ஓய்ந்ததும் இறங்குங்கள் என்று ஒரு போலீஸ்காரர் சொன்னார். இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து புளியோதரை தின்றுகொண்டு அலை ஓயக் காத்திருந்தார்கள். கடைசி பஸ் வரைக்கும் ஓயவில்லை. இப்போது இடுப்பில் ஒரு பிள்ளை வேறு. தன் காலும் பாப்பா காலும் ஒரு தடவையாவது கடலில் நனைய வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அதைக்கூட வாய்விட்டுச் சொல்லக் கூச்சம்.

வெங்காயம் உரித்து முடிகிற நேரம். தண்ணீர் கண்ணிலிருந்து தாடைக்கு இறங்கிவிட்டது. எப்படியோ சொல்லிவிட்டாள்.

"மாமா, மூடியிருந்தா சாவி யார்கிட்டயாவது இருக்குமில்ல?"

இத்தனை நாளாய் இது ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ராக்கம்மாள் மட்டும், "ஏத்தா, வெங்காயத்தை வதக்கிட்டுக் கேட்டுருக்கலாம்ல" என்றாள்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சேலையில் முடிந்தபடியே கரைக்கு இறங்கினார்கள். அங்கே ஒரு கிழவர் பூனைகளுக்கு மீன் தலை போட்டுக்கொண்டிருந்தார். மாமனார் கடலைக் காட்டினார், உடம்பு தேய்த்துக் குளிக்கிற மாதிரி காட்டினார், பிறகு சாவி போட்டுத் திருகுகிற மாதிரி காட்டினார். கிழவர் அவர்களை மேலும் கீழும் பார்த்தார். தை மாசக் குளிரில் குளிக்க வந்திருக்கிற கூட்டத்தைப் பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு இடுப்பிலிருந்து ஒரு சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

அது மணலில் நின்ற ஒரு மர அறையின் சாவி. கடலில் குளித்துவிட்டு வருகிறவர்கள் உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசிக்கொள்கிற ஷவர் அறை. கிழவர் கையை நீட்டி அதைக் காட்டிவிட்டுப் பூனைகளிடம் திரும்பினார்.

"இம்புட்டுப் பெரிய கடலுக்கு இத்தனூண்டு கதவு" என்றான் மலைக்கனி.

"மேட்டூர் அணைக்கு மதகு என்ன மலை தண்டியா இருக்கு?" என்றார் மாமனார்.

பூட்டைத் திறந்தார்கள். உள்ளே ஒரு குழாய், அதில் ஒரு திருகு. சீனிராசு சாமியைக் கும்பிட்டுத் திருகினான். மேலேயிருந்து தண்ணீர் கொட்டியது. ஐஸ் உருகி விழுகிற மாதிரி ஒரு குளிர்.

"கடல் தொறந்துருச்சு" என்று குலவையிட்டாள் ராக்கம்மாள்.

வயசு வரிசைப்படி குளித்தார்கள். சேலை முடிச்சு இருந்ததால் ஒருவர் குளிக்கும்போது மற்றவர்கள் வாசலில் வரிசையாக நிற்க வேண்டியிருந்தது. மாமனார் முதலில் நின்றார். பல் தந்தியடித்தது. ஒரு வாய் பிடித்துக் கொப்பளித்தவர் முகம் சுருங்கிவிட்டது.

"உப்பே இல்லியேடா."

மகன்களும் குடித்துப் பார்த்தார்கள். இல்லைதான். ராக்கம்மாள் நாக்கில் விட்டுச் சப்புக்கொட்டி, ரசத்துக்குக்கூட ஆகாது என்றாள். அறைக்குள்ளேயே ஆலோசனை நடந்தது. கடைசியில் சீனிராசுதான் கண்டுபிடித்தான்.

"சீசன் இல்லாதப்ப கூட்டம் கெடையாது. நாலு பேருக்காக மூட்டை மூட்டையா உப்பைக் கொட்டுவாங்களா?"

நாலையும் யோசித்து நடத்துகிற தேசம் என்று மாமனார் மெச்சிக்கொண்டார்.

தேனம்மாள் வரிசையின் கடைசி. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி, ஷவர் அறையைப் பார்த்து நின்றாள். இதுதானா கடல் என்று அவளுக்குச் சப்பென்று இருந்தது. வீட்டுக் குளியலறையிலேயே இதைவிட நிறைய வந்தது.

அப்போது குதிகாலில் ஏதோ பட்டது. திரும்பினாள். வெள்ளையாய் நுரை கட்டிக்கொண்டு ஓர் அலை வந்து, கணுக்காலைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போயிற்று. அடுத்தது இன்னும் மேலே வந்தது.

"மாமா, இங்க வெளிய வந்துருச்சு" என்றாள்.

மாமனார் எட்டிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "ஏலே, நெறைஞ்சு வழியுதுடா. நெறைய தொறந்துட்ட போல. மூடு, மூடு."

சீனிராசு திருகை அடைத்தான். ஷவர் நின்றது. கடல் நிற்கவில்லை. மறுபடி திறந்து மறுபடி அடைத்தான். அலை முன்னைவிடப் பெரிதாக வந்தது.

"வாஷர் போச்சு" என்றான் மலைக்கனி, அழுகிற குரலில்.

கூடி நின்று பேசினார்கள். ஊராரின் கடல். நம்பிச் சாவி கொடுத்த மனுஷன் அந்தப் பக்கம் பூனையோடு இருக்கிறார். இப்படியே விட்டுவிட்டு விமானம் ஏறினால் பாதி ராத்திரிக்குள் தீவு முங்கிவிடும், குருவப்பன் குடும்பத்துக்குக் காலத்துக்கும் கெட்ட பேர். கவிழ்த்த படகுகள் மேல் கிடந்த தார்ப்பாய்களை உருவிக் கடலைப் போர்த்தி, ஓரத்தில் கல் வைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. வேலைக்குத் தோதாக இல்லை என்று முதல் தடவையாகச் சேலை முடிச்சை அவிழ்த்தார்கள்.

முடிச்சு அவிழ்ந்ததும் தேனம்மாள் இறங்கிவிட்டாள். மூடுவதற்குள் எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவு. தண்ணீர் முழங்கால் வரை வந்தது. பாப்பாவின் காலை அலையில் வைத்தாள். பாப்பா வீறிட்டாள், பிறகு சிரித்தாள், பிறகு இன்னொன்று வேண்டும் என்று காலை உதறினாள். தேனம்மாள் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பு. நல்ல உப்பு. தங்களுக்கென்றே கொட்டியிருக்கிறார்கள் போல.

அந்தப் பக்கம் நாலு பேரும் தார்ப்பாயைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு மூலையை அலை மேல் வீசி, மாமனார் அதன்மேல் ஏறி நின்றுகொண்டார்.

"ஏத்தா தேனம்மா, மேல வா. கடலை மூடப் போறோம்."

"இந்தா வந்துட்டேன் மாமா, பாப்பாவுக்கு இன்னும் ஒரே ஒரு அலை, நீங்க அந்தப் பக்கமெல்லாம் மூடிக்கிட்டே வாங்க, இந்த மூலையை மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் விட்டு வைங்க."