யானை மிதித்த கரை

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை மருதவேள் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் எந்த நேரத்தில் என்ன நினைப்பான் என்று அவனுக்கே தெரியாது.

ஐப்பசி வந்தால் ஓடை பெருகிக் குயவர் தெருவுக்குள் புகுந்துவிடும். போன வருஷம் தொட்டிலோடு ஒரு குழந்தையை அடித்துக்கொண்டு போயிற்று. அதைக் கண்ணால் பார்த்த மந்திரி குணபாலருக்கு அப்புறம் சோறு இறங்கவில்லை. ஓடையோரம் உயரம் குறைவாக, ஆனால் அகலமாக ஒரு மண்கரை எழுப்பினார். கொட்டிய மண் பொலபொலவென்று கிடந்தது. மிதித்து இறுக்காவிட்டால் முதல் வெள்ளத்திலேயே கரைந்துவிடும்.

"மகாராஜா, அரண்மனை யானைகளைக் கொஞ்ச நாள் கரைமேல் நடத்த வேண்டும்."

"என் யானைகள் மண் மிதிக்கவா? போதும், போங்கள்!"

தளவாய் உக்கிரசேனர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மந்திரி வேண்டும் என்றால் அவர் வேண்டாம் என்பார், அவ்வளவு பொறாமை. குணபாலர் யோசித்தபடியே வீடு திரும்பினார்.

மறுநாள் சபையில் திருவிழா ஊர்வலத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவர் முந்திக்கொண்டார்.

"எந்த வழியாக வேண்டுமானாலும் போகட்டும். என் கரைமேல் மட்டும் வேண்டாம்!"

தளவாய் துள்ளி எழுந்தார். "பார்த்தீர்களா மகாராஜா! உங்கள் ஊர்வலத்தைவிட இவருக்கு இந்த மண்மேடு பெரிதாம்! யானை, குதிரை, காலாள் எல்லாம் அதன்மேல்தான் போக வேண்டும். திருவிழா முடியும்வரை தினமும்!"

"அப்படியே ஆகட்டும்!" என்றான் ராஜா.

குணபாலர் தலையில் கைவைத்துக்கொண்டார். முகத்தைச் சிரிக்காமல் வைத்திருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

ஊரே கரைமேல் நடந்தது. தளவாய் ஓங்கி ஓங்கி மிதித்தார், பாவம்.

ஐப்பசி மழை கொட்டியது. வெள்ளம் முட்டிப் பார்த்தது, கரை அசையவில்லை. குயவர் தெருவில் அடுப்புகள் எரிந்தன.

பார்க்க வந்த ராஜா, "மண்ணை இப்படி இறுக்கியது யார்?" என்றான்.

"தளவாய்தான் மகாராஜா. அவரை நம்பித்தானே நான் 'வேண்டாம்' என்றேன்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். தளவாயின் தலை தொங்கிப்போயிற்று. "இனி வருஷாவருஷம் ஊர்வலத்துக்கு முன்னால் நீர் வெறுங்காலோடு நடக்க வேண்டும்!" என்று உத்தரவிட்டுவிட்டு, தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "ஆனாலும் மந்திரி, என்னிடமே கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன், மகாராஜா."

ராஜாவின் சிரிப்பு நின்றது. அப்போது குழந்தையைப் பறிகொடுத்தவள் கும்பிட்டபடி முன்னால் வந்தாள்.

"போன வருசமே இந்தக் கரை இருந்திருந்தா எம்புள்ள இருந்திருக்கும் சாமி."

மறு வருஷ ஊர்வலத்தில் வெறுங்காலோடு முதலில் நடந்தவன் ராஜாதான். தளவாய் அவனுக்குப் பின்னால் நடந்தார்.