காத்தாயி தொங்கவிட்ட கற்றாழை

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கு வாயும் இருந்தது, காலும் இருந்தது. வீடு வீடாகப் போய், "முற்றத்தில் கொஞ்சம் இடம் கிடைக்குமா?" என்று கேட்டுத்தான் அவை வேர் ஊன்றும்.

முறம்புப்பட்டி, பேருக்கு மழை பெய்யும் ஊர். ஓர் ஆவணியில் காத்தாயியும் அவள் கணவன் வெயிலானும் அங்கே பிழைக்க வந்தார்கள். கையில் ஒரு கூடைக் கோழி, அவள் வயிற்றில் நான்கு மாதப் பிள்ளை. ஊர்த்தலைவர் சடையாண்டி கரட்டுக் குன்றோரம் ஒரு துண்டு நிலத்தைக் காட்டினார்.

"குடிசை போட்டுக்கோ தாயி. ஆனா மனை இன்னும் உன்னுது இல்லை. சித்திரை பிறந்ததும் வருவேன். வீட்டுல ஒரு பச்சையாவது உயிரோட இருக்கணும். இந்த ஊர்த் தண்ணியை வச்சு ஒரு செடியைக் காப்பாத்தத் தெரியாதவங்க பிள்ளையை எப்படிக் காப்பாத்துவாங்க? இல்லைன்னா கூடையைத் தூக்கிட்டுக் கிளம்பிட வேண்டியதுதான்."

ஊர்க் கிணற்றில் வீட்டுக்கு ஒரு நாளைக்கு மூன்று குடம். அதில்தான் குடிப்பது, குளிப்பது, கோழி, செடி எல்லாம்.

மறுநாளே நான்கு பேர் வாசலில் வந்து நின்றார்கள்.

"எனக்கு ஒரு வாய் தண்ணி போதும்க்கா" என்றது வாழை.

"எனக்கு அதுகூட வேண்டாம், பனியே போதும்" என்றது மல்லிகை.

"புளுகாதே. போன வீட்டுல கிணத்தையே காலி பண்ணிட்டு வந்தவ நீ" என்று பாய்ந்தது வாழை.

"நீ மட்டும்? வாய்க்கால் கரையை விட்டு இறங்காத ஆளுதானே!"

ஆவாரை குறுக்கே வந்தது. "எனக்குத் தண்ணியே ஊத்தாதே. ஆனா ஊன்றின இடத்துல விட்டுடு. பிடுங்கினா எனக்கு ஆகாது."

கற்றாழை எல்லோருக்கும் பின்னால் நின்றது. "உனக்கு எவ்வளவு வேணும்?" என்று காத்தாயிதான் கேட்டாள்.

"கொடுத்தா வாங்கி வச்சுக்குவேன். கொடுக்காட்டி இருக்கிறதை வச்சு ஓட்டுவேன்."

"எத்தனை நாளைக்கு?"

"நான் எண்ணிப் பார்த்ததில்லையே."

காத்தாயிக்குத் தலை சுற்றியது. நால்வரும் நல்லவர்கள் போலவும் இருந்தது, நால்வரும் புளுகர்கள் போலவும் இருந்தது. தன்னைப் பற்றிப் பெருமை பேசாத கற்றாழை மேல்தான் சந்தேகம் அதிகம். குழப்பத்தில் நால்வருக்கும் இடம் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. வாழை குடித்துக்கொண்டே வாடியது. மல்லிகை குடித்துவிட்டுக் குறை சொன்னது. சாயங்காலமானால் ஆவாரை இலையை மூடிக்கொள்ளும். சாகப்போகிறதென்று பதறி அதற்கு ஒரு செம்பு ஊற்றினாள். அது, "வேண்டாம்னுதானே சொன்னேன்!" என்று எரிந்து விழுந்தது. கற்றாழை வெயிலில் சிவந்து கிடந்தது. அது நோயா, நிறமா என்று அவளுக்குப் புரியவில்லை.

தையில் பிள்ளை பிறந்தது. மாசியில் கிணறு வற்றி, வீட்டுக்கு ஒரு குடம் என்றானது. இனி நால்வருக்கும் ஊற்ற முடியாது. யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது?

அவளுக்குத் தெரிந்தது கோழி மட்டும்தான். சந்தையில் கோழி வாங்கும்போது காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவார்கள். தலையை மேலே நிமிர்த்துகிற கோழி திடமானது. தொங்கவிடுகிற கோழி சீக்குக் கோழி. அவள் அப்பன் அப்படித்தான் பார்ப்பார், அவளும் அப்படித்தான் பார்ப்பாள்.

நான்கையும் வேரோடு பிடுங்கி, கயிற்றில் கட்டி, வாசல் விட்டத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டாள். வாழையைத் தூக்க மூச்சு வாங்கியது.

வெயிலான் வந்து பார்த்து வாயைப் பிளந்தான். "ஏ புள்ள, உனக்கென்ன கிறுக்கா? அது கோழியா, காலைக் கட்டித் தொங்கவிட?"

"திடமிருந்தா தலையைத் தூக்கும் மாமா."

"வேர் ஊன்றின செடிக்குத் தலை எது, கால் எது?"

அவளுக்கும் அது தெரியவில்லை. கட்டியது கட்டியதுதான்.

மூன்றே நாளில் மல்லிகை சருகானது. வாழை அழுகி, ஈ மொய்த்துக் கீழே விழுந்தது. ஆவாரை, "சொன்னேனே, பிடுங்காதேன்னு சொன்னேனே" என்று முனகியபடியே காய்ந்தது. அதன் காய்கள் வெடித்து, விதைகள் காற்றோடு வண்டிப்பாதைப் பக்கம் போயின. செத்த மூன்றில் அது மட்டும் உண்மை சொல்லியிருந்தது என்று தெரிந்தபோது காத்தாயிக்கு மனசு கேட்கவில்லை. திரும்ப நட்டுப் பார்த்தாள். பிழைக்கவில்லை.

கற்றாழை தொங்கிக்கொண்டே இருந்தது. பத்து நாள் கழித்து அதன் மடல்களின் நுனி மெல்ல மேலே வளைந்தது. இறக்கி நடலாமா, தொட்டால் செத்துவிடுமா? ஆவாரையைச் சாகவிட்ட கை இது என்று பயந்து அப்படியே விட்டுவிட்டாள்.

சித்திரை பிறந்தது. சடையாண்டி நாலு பேரோடு வந்தார். முற்றம் வெறும் சரளையாகக் கிடந்தது. காத்தாயி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். வெயிலான் கூடையைக் கட்டத் தொடங்கியிருந்தான்.

"பச்சை எங்கே தாயி?"

அவள் மேலே கைகாட்டினாள்.

வந்தவர்கள் சிரித்தார்கள். "செத்ததைக் கட்டித் தொங்கவிட்டு உயிர்ங்கிறா!"

சடையாண்டி சிரிக்கவில்லை. அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கூட வந்தவரிடம் அரிவாளை வாங்கி ஒரு மடலின் நுனியைச் சீவினார். உள்ளே கற்றாழைச் சோறு வெள்ளையாகப் பளபளத்தது. சாறு சொட்டி அவர் மணிக்கட்டு நனைந்தது. ஊரே சேற்றுத் தண்ணீரை வடிகட்டிக் குடித்துக்கொண்டிருந்த நாள் அது.

"எப்பத் தண்ணி ஊத்தினே?"

"மாசியில பிடுங்கினது ஐயா. அப்புறம் ஒரு சொட்டும் கிடையாது."

"ஏன் தலைகீழாக் கட்டினே?"

காத்தாயி கோழிக் கதையைச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் சிரிப்பார்களே என்று நிறுத்திக்கொண்டாள். "தெரியலைங்க ஐயா."

சடையாண்டி அரிவாளைத் திருப்பிக் கொடுத்தார். "எனக்கும் தெரியலை. ஆனா உயிர் இருக்கு. மனை உன்னுது. இதை மட்டும் இறக்கிடாதே."

ஏன் இறக்கக் கூடாது என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டு வாசலில் ஒன்று தொங்கியது. வாரத்துக்குள் ஊர் முழுக்கத் தொங்கியது. கண்ணேறு படாது என்றார்கள் சிலர், பூச்சி வராது என்றார்கள் சிலர்.

அன்று பிடித்துத்தான் கற்றாழை வீட்டு வாசலில் தலைகீழாகத் தொங்கியும் நுனியை நிமிர்த்திக்கொண்டு பிழைக்கிறது. ஆவாரையோ, எந்த முற்றத்திலும் இடம் கேட்காமல் பாதையோரத்திலேயே பூத்துக்கொள்கிறது.