கதிரின் கேள்வியும் பவளாயியின் பதிலும்

அந்தக் காலத்தில் உயிருள்ளவை அனைத்தும் பேசின. யானை பேசியது, எறும்பு பேசியது. மனிதரின் குடலுக்குள் குடியிருந்த, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பேசின. உண்ட சோற்றில் பங்கு பெற்று, அது செரிக்கத் துணை நின்று, குடலின் சுவரைக் காத்து வந்த நல்ல குடித்தனக்காரர்கள் அவர்கள்.

குன்றடியில் தினை விதைத்து வாழ்ந்த பவளாயியிடம் அவர்கள் ஓயாமல் வாயாடுவார்கள்.

"நேத்து மிளகை அள்ளிப் போட்டுட்டியே ஆத்தா, எங்க கூரையெல்லாம் பத்திக்கிச்சு!"

"சத்தம் போடாதீங்க! மூத்தார் உட்கார்ந்திருக்காரு" என்று, கணவனின் அண்ணனை ஓரக்கண்ணால் பார்த்தபடி அவள் வயிற்றைப் பொத்திக்கொள்வாள். குடலைப் பற்றி நாலு பேர் முன்னிலையில் பேசுவது அவ்வூரில் பெருங்குறை.

அவ்வூருக்கு வேறொரு வழக்கமும் இருந்தது. விதைப்புக்கு முன் தினைப்புனத்தின் புதர்களை எரிக்கும்போது, தீ வைப்பவர் முதலில் புனத்தைச் சுற்றி வந்து கைதட்டிக் குரல் கொடுக்க வேண்டும். பவளாயியின் குரல் குன்றுக்கு அப்பாலும் கேட்கும்.

"ஊருறதே, பறக்குறதே, குஞ்சு வச்சிருக்கிறதே, விலகிப் போங்க, தீ வருது!"

கட்டுவிரியன்கூட அவளுக்கு நன்றி சொல்லிவிட்டே விலகும்.

அத்தகைய பவளாயியின் அடிவயிற்றில், கருப்பையின் வாயில், ஒரு கட்டி முளைத்தது. வேர்விட்டு வளர்ந்து அவள் உயிரைக் கேட்டது. சுற்றத்தார் கதிரவனிடம் முறையிட்டனர். அவன் தன் கதிர்களுள் ஒன்றை அனுப்பினான்.

முற்றத்தில் இறங்கிய கதிர், "கட்டியை எரித்துவிடுவேன், தாயே. ஆனால் எனக்குக் கண் இல்லை. அதன் அண்டையில் குடியிருப்பவர் யார்? சொன்னால், இயன்றவரை ஒதுங்கி நடப்பேன், குரல் கொடுத்துவிட்டு நுழைவேன்" என்றது.

மூத்தார் நின்றிருந்தார். ஊரே நின்றிருந்தது. பவளாயி தலை கவிழ்ந்தாள்.

"யாருமில்லீங்க."

அந்தச் சொல் உள்ளே கேட்டது. "ஆத்தா, நாங்க இருக்கோமே!" என்று அவர்கள் கூவுவதற்குள் கதிர் பாய்ந்தது.

கட்டி கருகியது, பவளாயி பிழைத்தாள். ஆனால் குடலின் சுவர் புண்ணாகி நீர் வடித்தது. உண்டது தங்காமல் ஓடியது. புனத்துக்குப் பாதி வழி போவதற்குள் வீட்டுக்குத் திரும்பி ஓடினாள். "உள்ளே யாராச்சும் இருக்கீங்களா?" என்று வயிற்றின் மேல் மெல்லக் கைதட்டிக் கேட்டாள். நாள்தோறும் அப்படியே கேட்டு வந்தாள். பின்பு ஒரு நலிந்த குரல் வந்தது.

"கொஞ்சம் பேர் இருக்கோம். பாம்புக்குக் குரல் குடுத்தவ நீ. எங்களை இல்லேன்னு சொல்லிட்டியே, ஆத்தா."

அதன் பிறகு அவர்கள் பேசவே இல்லை.

அடுத்த ஊரில் அதே போன்ற கட்டி வந்த வேறொருத்திக்குக் கதிர் இறங்கியபோது, பவளாயி கூட்டத்தின் நடுவே நின்று கைதட்டினாள். "அங்க குடல் இருக்கு! குடியிருக்காங்க! பார்த்துப் போ!" கூட வந்திருந்த மூத்தார் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவள் நிறுத்தவில்லை. கதிர் மெல்ல நடந்தது. ஆயினும் குடலில் குடியிருந்தவருள் சிலர் மாண்டனர். காக்க வந்த தீயும் தீயே அல்லவா?

நன்மக்களே, நாணம் நல்லணிதான். உயிரைக் காவு கேட்கும் இடத்தில் அதைக் கழற்றி வையுங்கள். கேட்பவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கட்டிக்காக அடிவயிற்றில் கதிர்வீச்சுப் பெற்றவரின் குடல், சொல்லாமல் கொள்ளாமல் அவரை எழுப்பிக் கொல்லைக்கு ஓடச் செய்வது அன்று முதல்தான். பேச்சை இழந்த அந்தக் குடிகள், தாங்கள் இருப்பதை வேறெப்படிச் சொல்வார்கள்?