சரக்கு வண்டி வரட்டும்

பெரம்பூரில் ரயில் பாதையை ஒட்டி ஒரு மாவு மில் இருந்தது. அதன் மாடியில் நித்திலா என்கிற பெண், பாட்டுக்கு அடிநாதம் போடுகிற பேஸ் கிட்டார் சொல்லிக்கொடுத்தாள். வயசு முப்பத்தொன்று. மேடை ஏறினால் தரை அதிர வாசிப்பாள். இறங்கிவிட்டால் இருக்கிற இடம் தெரியாது.

அவளுக்கு ஒரு சீடர். பேர் சூசைநாதன், வயசு அறுபத்தொன்று. சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருஷம் வண்டியின் கடைசிப் பெட்டியில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஊர் ஊராகப் போனவர். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும் மனுஷனுக்குத் தூக்கம் போய்விட்டது. காது சும்மா கிடந்தது. அதுதான் வியாதி, வேறொன்றும் இல்லை.

எதிர் வீட்டு கார் ஷெட்டில் நாலு பேர் ஹெவி மெட்டல் வாசித்தார்கள். குழுவுக்குக் 'கரித்தூள்' என்று பேர். கிட்டார் கம்பிகளையெல்லாம் தளர்த்தி, சுருதியைப் பாதாளத்துக்கு இறக்கி வைத்துக்கொண்டு வாசிக்கிற சங்கீதம் அது. தெருவே அவர்களைத் திட்டித் தீர்த்தது. சூசைநாதனுக்கு மட்டும் கடைசிப் பெட்டியில் திரும்ப ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. அங்கே பேஸ் வாசித்தவன் துபாய்க்குப் போனான். மறுநாளே இவர் போய், அந்த இடத்துக்கு நான் வரேன் என்று ஷெட் வாசலில் நின்றார்.

இப்படித்தான் வாசிக்கக் கற்றுக்கொள்ள நித்திலாவிடம் வந்து சேர்ந்தார். அவள் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பார்.

"உங்க பொண்ணு வயசு எனக்கு. எதுக்கு அங்கிள் எழுந்திருக்கறீங்க?"

"வயசு என்னோடது டீச்சர். வித்தை உங்களோடது. உக்காந்த வாக்குல எப்படி வாங்கிக்கறது?"

ஒரு புதன்கிழமை அவள் உள்ளே வந்தாள். அவர் எழுந்திருக்கவில்லை.

"யார் என்ன சொன்னாங்க?" என்றாள் நித்திலா.

"யாரும் ஒண்ணும் சொல்லல டீச்சர்."

"சரி, சொல்லாதவங்க என்ன சொன்னாங்க?"

சூசைநாதன் கிட்டார் பையின் ஜிப்பை ஒரு தடவை திறந்து மூடினார்.

"ரூபன்தான். லீடு கிட்டார் வாசிக்கற பையன். நல்ல பையன்தான், மரியாதையாத்தான் சொன்னான். 'அங்கிள், நீங்க வாசிச்சாலும் வாசிக்காட்டியும் ஒண்ணாத்தான் இருக்கு'ன்னான். நேத்து பாட்டு நடுவுல கம்பியில இருந்து கையை எடுத்துப் பாத்தேன். ஒருத்தரும் திரும்பல."

"அப்புறம்?"

"ஞாயித்துக்கிழமை ஒத்திகை. அன்னிக்கும் என் சத்தம் கேக்கலைன்னா பேஸே இல்லாம வாசிச்சுக்கறோம்னு சொல்லிட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மூணு பேருக்கும் டீ வாங்கிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

நித்திலா சிரிக்கவில்லை. பையைத் திறந்து அவருடைய கிட்டாரை எடுத்தாள். மாதா கோயில் பாட்டுக்குழுவில் இரவல் வாங்கிய நாலு கம்பிக் கிட்டார். கனமான கம்பியைச் சுருதி இறக்க இறக்க அது துணி காயப்போடுகிற கொடி மாதிரி தொங்கியது. மீட்டினால் சத்தம் வராமல் கம்பிதான் ஆடியது.

"வேற வாங்கிடறேன் டீச்சர். எந்தக் கிட்டார் வாங்கினா என் சத்தம் கேக்கும்?"

அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"இன்னிக்கு சரக்கு வண்டி எத்தனை மணிக்கு?"

"எதுக்கு?"

"உங்களைத்தானே கேக்கணும்?"

"பதினொண்ணேகாலுக்கு நிலக்கரி ஒண்ணு போகும். அது தாண்டினதும் எதிர்ப்பக்கம் காலி வண்டி ஒண்ணு வரும்."

"அப்ப கிளம்புங்க."

லெவல் கிராசிங்கை ஒட்டி பக்கிரிசாமி என்பவர் வாத்தியக் கடை வைத்திருந்தார். ரயில் போனால் அங்கே பேச்சு நின்றுவிடும். போன பிறகு விட்ட இடத்திலிருந்து பேசிக்கொள்வார்கள். அது அந்தக் கடையின் பழக்கம்.

பக்கிரிசாமி மூன்று பேஸ் கிட்டாரை எடுத்து வைத்தார். சுருதி இறக்கி, மூன்றையும் ஒரே ஸ்பீக்கரில் மாட்டலாம் என்றார்.

முதலாவது தேன் நிறம். தூக்கினால் தோள் இறங்கும். சூசைநாதன் ஒரு தட்டு தட்டினார். கண்ணாடி அலமாரி முனகியது. இன்னொரு தட்டு. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதான் டீச்சர். வயித்துக்குள்ள வந்து உக்காருது."

"சாருக்கு ரசனை இருக்கு," என்றார் பக்கிரிசாமி.

இரண்டாவதில் ஆறு கம்பி இருந்தது. அதைத் தொட்டதுமே கீழே வைத்துவிட்டார். "இருக்கற நாலுக்கே எனக்கு விரல் போதல."

மூன்றாவது கருப்பு. ஐந்து கம்பி, கழுத்து மற்றதைவிட நீளம். எத்தனை இறக்கியும் தடித்த கம்பி விறைப்பாகவே நின்றது. தட்டினார். எவர்சில்வர் தாம்பாளம் தரையில் விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

"ஐயோ, பல்லு கூசுது. இதை யாரு வாங்குவா?"

"ரெண்டு வருஷமா அதைத்தான் நானும் பாத்துட்டிருக்கேன்," என்றார் பக்கிரிசாமி.

சூசைநாதன் தேன் நிறத்தை மறுபடி மாட்டிக்கொண்டார். குழந்தையைத் தூக்கியவர் மாதிரி ஒரு கையால் அடியில் தாங்கிக்கொண்டார்.

"எடுத்துக்கட்டுமா டீச்சர்?"

"வண்டி வரட்டும்."

டீ வந்தது. குடித்தார்கள். கேட் மணி அடித்தது. நித்திலா எழுந்து, கடை வாசலில் ரோட்டைப் பார்த்து முதுகு காட்டி நின்றாள்.

"நாலே நாலு தட்டு அங்கிள். திருப்பித் திருப்பி அதையே வாசிங்க. உங்க சத்தம் கேக்கறப்பல்லாம் நான் கையைத் தூக்கறேன்."

இன்ஜின் வந்தது. பின்னாலேயே நிலக்கரி வந்தது. அலமாரி ஆடியது, டீ கிளாஸ் ஆடியது, பக்கிரிசாமியின் மூக்குக்கண்ணாடி ஆடியது. சூசைநாதன் வாசித்தார். நாலு தட்டு. இன்னொரு நாலு. விரல் சிவக்க வாசித்தார்.

நித்திலாவின் கை தொங்கியபடியே இருந்தது.

மறந்துவிட்டாளோ என்று நினைத்தார். சத்தத்தைக் கூட்டி வாசித்தார். ஐம்பத்தெட்டு பெட்டியும் போகும்வரை அந்தக் கை எழவில்லை.

வண்டி போய்விட்டது. சூசைநாதன் கிட்டாரைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு, போன வண்டியையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அங்கிள்?"

"நாப்பதுக்கு மேல ஒரு பெட்டியில சக்கரம் தேஞ்சிருக்கு. ஒரு பக்கம் தட்டையாயிடுச்சு. அடுத்த ஸ்டேஷன்ல பாக்கச் சொல்லணும்."

"அவ்வளவு சத்தத்துல அது எப்படித் தெரிஞ்சுது?"

"எப்படின்னா... மத்த சக்கரமெல்லாம் ஒரே முழக்கம். அது மட்டும் தனியா டக்கு டக்குனு..."

பாதியில் நின்றார்.

நித்திலா திரும்பவில்லை. பக்கிரிசாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

சூசைநாதன் தேன் நிறக் கிட்டாரைக் கழற்றினார். ஒரு தடவை தடவிக்கொடுத்தார். அதை வைத்துவிட்டு, கருப்பை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"இதை மட்டும் தனியாக் கேட்டா அசிங்கமா இருக்கு டீச்சர்."

"தனியாவா வாசிக்கப் போறீங்க?"

எதிர்ப்பக்கம் காலி வண்டி வந்தது. காலிப் பெட்டி என்றால் இன்னும் மோசம், ஒவ்வொன்றும் ஒரு தகர டப்பா. அவர் முதல் தட்டு தட்டினார்.

நித்திலாவின் கை எழுந்தது.

இரண்டாவது. எழுந்தது. மூன்றாவது, நாலாவது. ரோட்டில் போன ஒரு ஆட்டோக்காரர், தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று வண்டியை நிறுத்தினார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள், கை மட்டும் எழுந்து எழுந்து இறங்கியது. சூசைநாதனுக்குக் குறும்பு வந்தது. வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தார். கையும் நின்றது. தொடங்கினார், கையும் தொடங்கியது. அறுபத்தொரு வயசு மனுஷன் ஊஞ்சல் கிடைத்த பிள்ளை மாதிரி சிரித்தார்.

அப்போது கடைசிப் பெட்டி வந்தது. வாசலில் ஒரு கார்டு நின்றிருந்தார், சின்ன வயசு, கையில் சுருட்டிய பச்சைக் கொடி. கார்டைக் கண்டால் கை தூக்கி எல்லாம் சரி என்று காட்டுவது சூசைநாதனின் முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். வலது கை கம்பியை விட்டுத் தானாக மேலே போய்விட்டது. அந்தக் கார்டும் பதிலுக்குக் கொடியை அசைத்தார். வண்டி போய்விட்டது.

நித்திலாவின் கை பாதியில் நின்றிருந்தது.

"மூணாவது தட்டு எங்க அங்கிள்?"

சூசைநாதன் முகம் சுருங்கிவிட்டது. கையைப் பார்த்தார், தண்டவாளத்தைப் பார்த்தார்.

"கார்டுக்குக் கை காட்டிட்டேன்."

"அவர் கொடி ஆட்டினதைப் பாத்தேன்."

"பழைய கிட்டார்ல இந்த மாதிரி எவ்வளவோ விட்டிருக்கேன் டீச்சர். வேகமா வர்ற எடத்துல நாலுக்கு ரெண்டுதான் தட்டுவேன். யாருக்கும் தெரியாது. சிரிச்சுக்கிட்டே நிப்பேன்." கருப்புக் கிட்டாரின் நீளக் கழுத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார். "இது காட்டிக் குடுத்துடும் போல இருக்கே. ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் கேட்டுடுமே."

கேட் திறந்தது. நின்றிருந்த வண்டிகளெல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு நகர்ந்தன. நித்திலா அவர் பக்கத்தில் வந்து, முறுக்கியிருந்த கிட்டார் வாரை நேராக்கிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு ஒத்திகை அங்கிள்? உங்க தப்பைக் கேக்க நானும் வரேன்."