பூபாலர் வீட்டு முற்றம்

ஒரு காலத்தில் நெய்தலூரை வீரகேது என்ற ராஜா ஆண்டுவந்தார். அவர் நினைத்தால் நினைத்ததுதான், நிறுத்த ஆளில்லை. ஊரோ பெருத்துக்கொண்டே போனது. குடியேற வந்தவர்களுக்கு மனை போதவில்லை. தெற்கே கோரையும் நாரையுமாகப் பரந்து கிடந்த சதுப்பு நிலத்தின் மேல் ராஜாவின் கண் விழுந்தது.

விழ வைத்தவர் நகர அதிகாரி பூபாலர். மந்திரி தேவநாதரைக் கண்டாலே வயிறு எரிகிற மனிதர்.

"மகாராஜா, கொசுவுக்கும் கொக்குக்கும் எதற்கு அவ்வளவு இடம்? மண்ணைக் கொட்டி மேடாக்கினால் தங்கள் பெயரில் ஒரு புதுநகரமே எழும்பும்!"

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஆஹா, வீரகேதுபுரம்! நாளைக்கே வண்டிகளை ஓட்டும்!"

தேவநாதர் எழுந்தார். "வேண்டாம் மகாராஜா. மழைக்காலத்தில் ஊர்த் தண்ணீரெல்லாம் போய்ச் சேரும் இடம் அது. கோடையில் நம் கிணறுகள் வற்றாததும் அதனால்தான். அப்படியொரு நிலம் வாய்த்ததற்கு நாம் பெருமைப்பட வேண்டும்."

"சேற்றைப் பார்த்துப் பெருமையா?" என்று பூபாலர் சிரிக்க, சபையே சிரித்தது.

மறுத்துப் பேசினால் ராஜாவுக்குப் பிடிக்காது. "மந்திரியாரே, ஐப்பசியில் என் பிறந்தநாள். அதற்குள் உம் பேச்சு சரியென்று காட்டும். இல்லாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பும். அதுவரை வண்டிகள் நிற்கட்டும்."

பதவி போனால் போகட்டும், தெற்குத் தெரு ஜனங்கள் மூழ்கிப் போவார்களே என்று தேவநாதருக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"ஆகட்டும் மகாராஜா. பிறந்தநாள் விருந்தைப் பூபாலர் மாளிகையில் வைப்போம். அங்கே நட்டநடுவில் முற்றம் சும்மா கிடக்கிறது. அதைத் தூர்த்துக் கூடத்தோடு சமமாகத் தளம் போட்டால் இன்னொரு பந்தியே உட்காரலாம். வெற்றிடத்தை நிரப்பும் வித்தையை முதலில் அங்கே பார்ப்போமே!"

"இதென்ன பிரமாதம்!" பூபாலருக்கு வாயெல்லாம் பல். ராஜாவே தன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார் என்றால் சும்மாவா?

வெயில் காய்ந்துகொண்டிருந்த நாட்களில் முற்றம் மேடானது. தண்ணீர் வெளியேறும் தூம்பு பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று, அதையும் சுண்ணாம்பு வைத்துப் பூசச் சொன்னார் பூபாலர். மேலே பட்டுப் பந்தல் போட்டார்.

பிறந்தநாளும் வந்தது. பாயசம் பரிமாறும் நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நாலு பக்கத்து ஓட்டுக்கூரையும் பந்தலில் கொட்ட, பட்டு கிழிந்தது. போக வழியில்லாத தண்ணீர் கூடத்தில் ஏறி, பூஜையறையில் புகுந்து, நெல் அறைக்குள் நுழைந்தது. இலைகள் மிதந்தன. ராஜா ஆசனத்தின் மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

பூபாலர் ராஜா இருப்பதையே மறந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தினார்: "டேய், தளத்தை உடைங்கடா! தண்ணி போக இடம் வேணும்டா! இடத்தை அடைச்சா வீட்டுக்குள்ளதானே வரும்!"

தேவநாதர் கைகூப்பினார். "மகாராஜா, நான் சொல்ல வேண்டியதை நகர அதிகாரியே சொல்லிவிட்டார். இது ஒரு வீட்டு முற்றம். தெற்கே இருப்பது ஊருக்கே முற்றம்."

பூபாலர் முகத்தில் ஈயாடவில்லை. ராஜா கொட்டுகிற மழையில் நேரே தெற்கே நடந்தார். வழியில் எந்தத் தெருவிலும் தண்ணீர் நிற்கவில்லை. அத்தனையும் ஓடிப்போய்ச் சதுப்பு நிலத்தில் விழுந்துகொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய வரை நீர், அதன்மேல் ஆயிரமாயிரம் பறவை.

ராஜாவின் நெஞ்சு நிமிர்ந்தது. "இது என் நாட்டிலா இருக்கிறது! இனி எந்த ராஜா விருந்துக்கு வந்தாலும் முதலில் இங்கேதான் கூட்டிவருவேன்!"

தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார். புதுமனைகளை வடக்கு மேட்டில் அளக்கச் சொன்னார். சதுப்பைச் சுற்றிலும் அரச முத்திரை பொறித்த எல்லைக்கல் நடச் சொன்னார்.

"காவலுக்கு நீர்தான், பூபாலரே. மண் கூடையோடு எவன் வந்தாலும், இன்று கத்தினீரே, அதே வார்த்தையை அதே குரலில் கத்த வேண்டும்."

அப்புறம் என்ன? மழைக்காலம் வந்தால் நெய்தலூர் ஜனங்கள் குடும்பத்தோடு கிளம்பித் தெற்கே போனார்கள். பறவைகளைப் பார்த்தார்கள், பூபாலரையும் கேட்டுவிட்டு வந்தார்கள்.